ரஸ்க் சாப்பாட்டில் சேராது

என் அக்கா வீட்டுக்காரரை, எங்கள் மாமாவை, நம்ப வைப்பதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்றுதான். ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி ஏறி டிக்கெட் பரிசோதிக்கிற வேலை அவருக்கு. டிப்போவில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பறக்கும் படை'. ஆள் ஒருவர்தான், ஆனாலும் படை. அவர் ஸ்டாப்பில் நிற்பதைப் பார்த்தால் டிக்கெட் வாங்கியவர்களுக்கும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும்.

வீட்டிலும் அதே கண்தான். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். காஸ் சிலிண்டர் வந்தால் சீலைத் திருகிப் பார்த்துவிட்டு, கொண்டுவந்தவரின் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார். ஃபோனைக் காதோடு ஒட்டி வைத்தால் மூளைக்குக் கெடுதல் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எல்லா அழைப்பையும் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கப் பேசுவார். மாடியில் குடியிருக்கும் மச்சினி எனக்கு அதில் ஒரு வசதி. கீழ்வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அந்த வீட்டில் அவர் நம்பிய ஒரே ஜீவன் பட்டாணி. பழுப்பு நிறப் பெண்நாய். குட்டியாக வந்தபோது உருண்டையாக இருந்ததால் அந்தப் பெயர். இப்போது அவள் மாடிப்படியில் படுத்தால் நான் தாண்டித்தான் இறங்க வேண்டும். "இந்த வீட்டுல பொய் சொல்லாதவ இவ ஒருத்திதான்" என்பார், அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. விடியற்காலை டியூட்டிக்குக் கிளம்புமுன் அவரே டீ போட்டுக் குடிப்பார். அவருக்கு ஒரு ரஸ்க், பாலில் நனைத்து அவளுக்கு ஒன்று. கட்டிய பெண்டாட்டிக்கு ஒருநாளும் டீ போட்டுக் கொடுத்ததில்லை என்று அக்கா சொல்லிக் காட்டுவாள். அவர் காதில் விழாது.

அந்தப் பட்டாணிக்குக் கண்ணுக்குக் கீழே வீக்கம் வந்தது. தெருமுனை தாண்டிப் புதிதாகத் திறந்திருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா சின்ன வயது, அதுவே மாமாவுக்கு முதல் சந்தேகம். அவள் பட்டாணியின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, மேல் கடைவாய்ப் பல்லின் வேர் அழுகிச் சீழ் வைத்திருக்கிறது, பல்லை எடுக்க வேண்டும், மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க முடியும் என்றாள். மயக்க மருந்து என்ற சொல் காதில் விழுந்ததும் மாமா நாயின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். செருப்பைக்கூட வாசலில் விட்டுவிட்டுப் போனார், நான்தான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

காரணம் எங்களுக்குத் தெரியும். பட்டாணிக்கு முன்னால் அந்த வீட்டில் கறுப்பி இருந்தாள். காதில் ஒரு கட்டி. அப்போது பழைய மார்க்கெட் தெருவில் ஒரு நாய் டாக்டர் இருந்தார், அதிகம் பேசாத மனிதர். மயக்கம் கொடுத்துக் கட்டியை எடுத்துவிடலாம் என்றார். காலையில் தன் காலால் நடந்து உள்ளே போன கறுப்பி, மத்தியானம் போர்வையில் சுற்றி வெளியே வந்தாள். மூச்சு அடைத்துவிட்டது என்றார் டாக்டர். பிறகு மெல்ல, காலையில் ஏதாவது சாப்பாடு கொடுத்தீர்களா என்று கேட்டார்.

மாமாவுக்கு வந்ததே கோபம். "பழியை எங்க தலையில கட்டப் பாக்கறீங்களா? நீங்க சொன்னபடி வெறும் வயித்தோடதான் கொண்டுவந்தேன். சாப்பாடு குடுக்கவே இல்ல" என்றார். டாக்டர் அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாதவனைத்தானே மாமா உடனே சந்தேகப்படுவார். அன்றிலிருந்து ஏறின பஸ்ஸில் எல்லாம் அந்தக் கதைதான். கண்டக்டர், டிரைவர், மடியில் நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருந்த பெண், ஒருவரையும் விடவில்லை. லீவு நாட்களில் அந்த கிளினிக்கின் எதிர்ப்புறம் நின்றுகொண்டு, நாயோடு வருகிறவர்களைத் தடுத்து, உள்ளே போனால் திரும்பாது என்று சொல்லியனுப்பினார். சில காலத்தில் கிளினிக் மூடிவிட்டது. "பாத்தியா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்" என்றார் என்னிடம். அன்று அதை நானும் நம்பினேன்.

ஆகவே பட்டாணியின் வீக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார், மஞ்சள் பூசினார். மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரை தந்தால் இரண்டு நாள் வடியும், நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாகும். கடைசியில் அவள் தட்டின் முன்னால் உட்கார்ந்து எச்சில் ஒழுகப் பார்த்துக்கொண்டிருந்தாளே தவிர வாய் வைக்கவில்லை. தொட்டால் முனகினாள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் கூட்டிக்கொண்டு போகிறீர்களா, இல்லை நான் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டுவிட்டாள். அக்கா குரலை உயர்த்தாமல் பேசினால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

மறுபடி ஆஸ்பத்திரி. இந்தமுறை மாமா விசாரணைக்குப் போகிறவர்போல மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டார். அங்கே எல்லாமே எனக்கும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது. எங்கே பார்த்தாலும் மருந்து நெடி, மூடியே இருக்கிற ஓர் உள்கதவு, அதற்குப் பின்னால் திடீரென்று குரைத்துத் திடீரென்று நின்றுபோகிற ஒரு நாய். ஏன் நின்றது என்று மாமா என்னைப் பார்த்தார். எனக்கு எப்படித் தெரியும்?

டாக்டரம்மாவிடம் அவர் கேட்காத கேள்வி இல்லை. என்ன மருந்து, எவ்வளவு, யார் அளப்பது, பாட்டிலைத் தன் கண்முன்னால் திறப்பார்களா. அவள் சலித்துக்கொள்ளாமல் சொன்னாள். முதலில் எடை பார்த்து, அதை வைத்துத்தான் மருந்து அளப்பார்கள். ரத்தப் பரிசோதனை செய்து, இதயத்தைக் கேட்டுப் பார்த்து, தாங்கும் என்று தெரிந்தால்தான் ஊசி. காலில் ஒரு குழாய் போட்டுவைப்பார்கள், அவசரம் என்றால் மருந்து உடனே உள்ளே போக. தொண்டையில் ஒரு குழாய், மூச்சுக்கு. நாக்கில் ஒரு கிளிப், ரத்தத்தில் காற்று சரியாக இருக்கிறதா என்று அது காட்டும். டாக்டரம்மா பல்லை எடுக்கும்போது, மூச்சை மட்டும் பார்ப்பதற்கென்றே இன்னொருவர் பக்கத்தில் நிற்பார்.

"அப்ப ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றார் மாமா.

"ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன் சார். ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா சுத்தமா இல்லைன்னு யாராவது சொன்னா, அவங்களை நம்பாதீங்க."

வெளியே வந்ததும் மாமாவுக்குப் புதுக் கவலை. ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருந்தால் பொய்க்காரி. ஆகலாம் என்று சொல்கிறாளே, இப்போதே தப்பித்துக்கொள்ள வழி பார்க்கிறாள் போலிருக்கிறதே. இந்த மனிதருக்கு இப்படியும் குற்றம், அப்படியும் குற்றம். நல்ல வேளையாக அவர் நீதிபதி ஆகவில்லை. கவுன்டரில் இருந்த பெண் நாளை மறுநாள் வரச் சொல்லிவிட்டு, "காலையில சாப்பாடு குடுக்காம, வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க. தண்ணி குடிக்கலாம்" என்றாள். மாமா தலையாட்டினார். எங்களைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், டிக்கெட் இல்லாத ஆட்களைப் பார்க்கிற அதே பார்வை.

முந்தின நாள் சாயங்காலமே வீட்டில் பரிசோதனை ஆரம்பித்துவிட்டது. நான் பட்டாணிக்கு ரகசியமாக ஏதாவது போடுகிற வழக்கம் உண்டா என்று குறுக்குவிசாரணை. மாடிப்படியில் கிடந்த ஒரு தூளை எடுத்து மோந்து பார்த்தார், அது சுவர்ச் சுண்ணாம்பு. குப்பைத் தொட்டிக்கு மூடி போட்டுக் கட்டினார். இரவுச் சாப்பாடு ஆனதும் சமையலறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இவர் வீட்டுச் சோற்றைத் திருடித் தின்ன வந்தவர்கள் நாங்கள் என்று அக்கா முணுமுணுத்தாள். "நாளைக்கு அவ உயிர் உங்க கையில இல்ல, என் கையில இருக்கு" என்றார் அவர்.

காலையில் வண்டி பிடித்துப் போனோம். நான் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு லீவு சொல்லியிருந்தேன். பட்டாணியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், மாமாவைப் பிடிக்க ஒருவர் வேண்டும். எடை பார்த்தார்கள். டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். சாப்பாடு ஏதும் கொடுக்கவில்லையே என்று கேட்டாள்.

மாமா நிமிர்ந்து நின்றார். "ஒரு பருக்கைகூட உள்ள போகல. கிச்சனையே பூட்டிட்டேன். சாவி இதோ என் இடுப்புல."

அவள் சரி என்று சொல்லிப் பட்டாணியின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தாள். பிறகு தாடையோரம் இருந்த மீசைமயிரில் எதையோ விரலால் தொட்டு எடுத்தாள். விரலைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள்.

"இது என்ன சார்?"

"அதுவா? ரஸ்க்" என்றார் மாமா, கொஞ்சமும் தயங்காமல். "காலையில நான் டீ குடிக்கிறப்ப அவளுக்கு ஒண்ணு. பால்ல நனைச்சு."

அவர் முகத்தில் குற்றம் செய்த குறியே இல்லை. இதை எங்கள் வீட்டு ஆட்களைத் தவிர மற்றவர்களுக்கு விளக்குவது கஷ்டம். எங்கள் வீட்டில் சாப்பாடு என்றால் சோறு. தட்டு வைத்து, உட்கார்ந்து, கை நனைத்தால்தான் சாப்பிட்டதாகக் கணக்கு. மாமா டீயும் ரஸ்க்குமாக முடித்துவிட்டுப் போய், நடுக்காலையில் அக்கா ஃபோன் செய்து சாப்பிட்டீர்களா என்று கேட்டால், "எங்க, இன்னும் வெறும் வயிறுதான். டீ மட்டும் குடிச்சேன்" என்பார். நானும் அப்படித்தான் சொல்வேன். பொய் சொல்கிறோம் என்று நினைத்ததே கிடையாது. சோற்றைப் பூட்டி வைத்தார், ரஸ்க் டப்பா டீப்பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது, அந்த அறையைத் திறந்தது அவர் கைச்சாவி.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினாள். இன்றைக்கு வேண்டாம் என்றாள். மாமா விடவில்லை. ஒரே ஒரு ரஸ்க்தானே, அது எந்த மூலைக்கு என்றார். அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து சொன்னாள். முழித்திருக்கும்போது வயிற்றிலிருந்து ஏதாவது மேலே வந்தால் நாய் விழுங்கும், இல்லாவிட்டால் இருமித் துப்பும். மயங்கியபின் தொண்டைக்கு அந்தக் காவல் இல்லை. வந்தது நுரையீரலுக்குள் போய்விடும்.

"ஒரு ரஸ்க்குக்குப் போகும்னு சொல்லல சார். போகலாம். அவசரமில்லாத வேலைக்கு நான் ஏன் அதைச் சந்தேகத்துல விடணும்?"

மாமாவுக்குப் பிடித்த சொல்லை அவள் எடுத்துவிட்டாள். அவர், "குடுக்கணும்னு குடுக்கலம்மா. பழக்கம். கை தானா போயிடுச்சு" என்றார். எத்தனை பேர் அவரிடம் இப்படி நின்றிருப்பார்கள். டிக்கெட் எடுக்கக்கூடாது என்று இல்லை சார், அவசரத்தில் ஏறிவிட்டேன் சார் என்று. அவர் ஒருவரையும் விட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

தப்பு ஆஸ்பத்திரி பேரிலும்தான் என்றாள் டாக்டரம்மா. சாப்பாடு என்று சொன்னால் ஆளுக்கு ஓர் அர்த்தம், இனி நாக்கில் தண்ணீரைத் தவிர எதுவும் படக்கூடாது என்று கவுன்டரில் சொல்லச் சொல்கிறேன் என்றாள். மாமா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. நாயின் தலையில் கை வைத்தபடி வேறு ஒன்றைக் கேட்டார்.

"அப்படி மேல வந்தா சத்தம் கேக்குமா? பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் தெரியுமா?"

"சில சமயம் தெரியவே தெரியாது. கூட ஆளும் கருவியும் இல்லாத எடத்துல, மூச்சு நிக்கிறப்பதான் தெரியும்."

அக்கா என் கையைப் பிடித்தாள். எனக்குச் சிரிப்பு போய்விட்டது. கறுப்பியும் விடியற்காலையில் அவரோடுதான் எழுந்திருப்பாள். அவளுக்கும் ஒரு ரஸ்க் உண்டு.

வீட்டுக்கு வந்து பட்டாணியை இறக்கிவிட்டு மாமா உள்ளே வரவில்லை. என்னைப் பார்த்து, சின்னவளே, என்னோட வா என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. பழைய மார்க்கெட் தெருவுக்குப் போனோம். கிளினிக் இருந்த இடத்தில் இப்போது ஃபோன் ரிப்பேர் கடை. கடைக்காரர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். இங்கே இருந்த நாய் டாக்டரைப் பற்றி எதற்குக் கேட்கிறீர்கள், நீங்கள் யார் என்றார். வாழ்நாள் முழுக்க அந்தப் பார்வையைப் பிறருக்குக் கொடுத்தவர், அன்று வாங்கிக்கொண்டு நின்றார். தெரிந்தவன்தான் என்றார்.

"அவர் இப்ப நாய் பாக்கிறதில்லைங்க" என்றார் கடைக்காரர். "கோழிப் பண்ணை, மாட்டுப் பண்ணைன்னு வெளியூரெல்லாம் சுத்துறார். இங்க ஒரு நாய் கையில போயிடுச்சாம். மருந்து அளவுல தப்பு பண்ணிட்டேனோன்னு அவருக்கே சந்தேகம். அப்புறம் நாய்க்கு ஊசி எடுத்தாலே கை நடுங்குதுன்னு எங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டுத்தான் காலி பண்ணார்."

அண்ணனிடமிருந்து வாங்கி நம்பரைக் கொடுத்தார். மாமா அதைச் சட்டைப் பையில் வைத்தார். அன்று அழைக்கவில்லை, மறுநாளும் இல்லை. அழைக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஊரையெல்லாம் குடைகிறவருக்குத் தன்னைக் குடைய மனசு வருமா? எனக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லை. பாவம் அந்த டாக்டர் என்று அக்கா ஒருமுறை சொன்னாள். மாமா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

மறுபடி நாள் குறித்துத் தந்தார்கள். முந்தின நாள் மாமா மாடிக்கு வந்தார். கையில் ரஸ்க் டப்பா, பால் பாக்கெட், சமையலறைச் சாவி.

"இதெல்லாம் உன்கிட்ட இருக்கட்டும். நான் வந்து கேட்டாலும் குடுக்காதே. என் மேல எனக்கே சந்தேகமா இருக்கு."

காலையில் அவர் டீயும் குடிக்கவில்லை. பட்டாணி அடுப்படிக் கதவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அந்த உள்கதவு மூடியது. அதில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. மாமா அதில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றார். நடுவில் ஒருதரம் எனக்கும் இடம் விட்டார். பட்டாணி போர்வைக்குள் கிடந்தாள், வாயில் குழாய், நாக்கில் கிளிப். பக்கத்தில் நின்ற பெண் அவள் நெஞ்சையும் இயந்திரத்தையும் தவிர எதையும் பார்க்கவில்லை. அவள் கண்ணைச் சிமிட்டினால்கூட மாமா கதவைத் தட்டிவிடுவார் என்று பயந்தேன். ஒருமுறை இயந்திரம் வேறு மாதிரி ஒலித்தது. அந்தப் பெண் கிளிப்பை நகர்த்தி வைத்தாள், ஒலி பழையபடி ஆனது. மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்குமேல் அவரால் பார்க்க முடியவில்லை.

கடைசியில் டாக்டரம்மாவே கதவைத் திறந்து, பல்லை எடுத்தாயிற்று, அவள் முழித்துக்கொண்டிருக்கிறாள், முழுசாகத் தெளியும்வரை பக்கத்தில் உட்காருங்கள் என்றாள். பட்டாணி தரையில் போர்வைமேல் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது, நாக்கு ஒரு பக்கம் தொங்கியது. மாமா குரல் கொடுத்ததும் வால் நுனி ஒருதரம் அசைந்தது. அவர் அழுதார். மறைக்கவும் இல்லை.

பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த நம்பரை எடுத்தார். ஃபோனில் அழுத்தினார். வழக்கம்போல ஸ்பீக்கர்.

ஒரு தளர்ந்த குரல் ஹலோ என்றது. மாமா தன் பெயரைச் சொல்லவில்லை. கறுப்பியின் பெயரைச் சொன்னார். மறுபக்கத்தில் கோழிகளின் கொக்கரிப்பு மட்டும் கேட்டது.

"டாக்டர், அன்னைக்கு நீங்க கேட்டப்ப சாப்பாடு குடுக்கலன்னு சொன்னேன். ரஸ்க் குடுத்திருந்தேன். பால்ல நனைச்சு. அது சாப்பாட்டுல சேராதுன்னு நினைச்சேன்."

கோழிகள் கத்திக்கொண்டே இருந்தன. வைத்துவிட்டாரோ என்று நான் ஃபோனை எட்டிப் பார்த்தேன். வைக்கவில்லை.

"எத்தனை மணிக்குக் குடுத்தீங்க?" என்றது குரல்.

"விடியக்காலையில. உங்ககிட்ட கொண்டுவர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"அப்ப மருந்து அளவு…" என்று ஆரம்பித்துவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார். பெருமூச்சு ஒன்று கேட்டது, நெடுநாள் சுமந்ததை இறக்கி வைக்கிறவரின் மூச்சு. திட்டுவார் என்று நான் காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. எங்கிருந்து பேசுகிறீர்கள், ஏதோ இயந்திர ஒலி கேட்கிறதே என்றார். மாமா பட்டாணியைப் பற்றிச் சொன்னார், பல்லைப் பற்றி, இப்போதுதான் முழிக்கிறாள் என்று.

நாய் பார்ப்பதை விட்ட அந்த மனிதர் கேட்டார்.

"உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்க. வெளுத்தோ நீலமாவோ இருந்தா மூச்சு சரியில்ல. என்ன கலர்?"

மாமா மெல்லக் குனிந்து பட்டாணியின் உதட்டைத் தூக்கினார். கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார், தான் பார்த்ததை அவர் இப்போது நம்புவதாக இல்லை. நான் பார்த்துத் தலையசைத்தேன்.

"ரோஸா இருக்கு டாக்டர்" என்றார்.